கனமான கதை இருந்தால் போதுமா?

சித்திரக்கதை என்றால் நம் வீடுகளில் வெகுகாலம் ஒரே தீர்ப்புதான்: பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிற சமாச்சாரம். இப்போது காற்று திரும்பியிருக்கிறது. புத்தகக் காட்சியில் கெட்டி அட்டை போட்ட கிராபிக் நாவலைக் கையில் எடுப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். போர், அகதி வாழ்க்கை, சாதி, அணுகுண்டு என்று பின்னட்டையில் நான்கு வார்த்தை தென்பட்டால் போதும், ‘முக்கியமான படைப்பு’ என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அன்று படிக்காமல் திட்டியவர்கள் இன்று படத்தைப் பார்க்காமல் பாராட்டுகிறோம்.

இனப்படுகொலையைப் பற்றி மோசமான படக்கதை வரைய முடியும். வங்கிக் கொள்ளையைப் பற்றி அபாரமான படக்கதை வரைய முடியும். ஆகவே இந்தக் கட்டுரையில் பாடுபொருளுக்கு மார்க் கிடையாது. கட்டத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள், கோடு என்ன வேலை செய்கிறது, எழுத்து எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது என்பதற்கு மட்டும்தான். சில புத்தகங்களுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை அவ்வளவு சுலபமாக விட மனம் வரவில்லை.

ஒரு கை மட்டும் தெரிகிறது

முதலில், யாரும் ‘முக்கியமான படைப்பு’ என்று சொல்லத் துணியாத ஒன்று. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இறக்கிய ‘இரும்புக்கை மாயாவி’. 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவருக்கு வலது கை இரும்பாலானது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான், லாஜிக் கேட்டால் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது.

வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவருக்குக் கிடைத்தது ஒரு ஓவியனின் கனவுச் சிக்கல்: கதாநாயகனை வரையாமலே கதாநாயகன் அங்கே இருப்பதைக் காட்ட வேண்டும். கதவுப் பிடியில் ஒரு கை, காவலாளியின் தோளுக்குப் பின்னால் ஒரு கை, கட்டத்தின் ஓரத்தில் வெறும் விரல்கள். மீதி உடம்பை நாம்தான் நிரப்பிக்கொள்கிறோம். கருப்பு மையை அவர் கொட்டியிருக்கிற விதத்தில் சந்துகளும் படிக்கட்டுகளும் கதையைவிடப் பல மடங்கு பயமுறுத்துகின்றன. நம் ஊரின் மட்டமான சாணித்தாளில் அச்சான பிறகும் அந்தக் கருப்பு தாக்குப்பிடித்தது. அசட்டுக் கதை, உயர்ந்த படக்கதை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகாவிட்டால் காமிக்ஸ் விமர்சனம் என்பதே கிடையாது.

எலி முகமூடி

ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மாவ்ஸ்’ (முதல் பாகம் 1986, இரண்டாம் பாகம் 1991) பற்றி எல்லோரும் முதலில் சொல்வது அந்த உருவகத்தை: யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். எனக்கென்னவோ அது புத்தகத்தின் பலமான பகுதியாகத் தெரியவில்லை. ஸ்பீகல்மனுக்கே அதில் உறுத்தல் இருந்திருக்கிறது. இரண்டாம் பாகத்தில் அவர் தன்னையே எலி முகமூடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்ட மனிதனாக வரைகிறார். உட்கார்ந்திருக்கும் மேஜையைச் சுற்றிப் பிணக்குவியல்.

பலம் வேறிடத்தில் இருக்கிறது. எலி முகங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் உணர்ச்சி முகத்தில் தங்க வழியில்லாமல் தோளுக்கும் முதுகுக்கும் நடைக்கும் இறங்குகிறது. சின்னச் சின்னக் கட்டங்கள், அச்சாகும் அளவிலேயே பேனாவால் வரையப்பட்டவை. ‘அடேயப்பா, என்னமாய் வரைந்திருக்கிறான்’ என்று நம்மை நிறுத்திவைக்கும் கட்டம் அநேகமாக ஒன்றுகூட இல்லை. ஆஷ்விட்ஸை அழகாக வரையக்கூடாது என்று தெரிந்த கை அது. கூடவே அப்பா விளாடெக்: மாத்திரைகளை எண்ணுகிறார், தெருவில் கிடக்கும் கம்பியைப் பொறுக்குகிறார், வதை முகாமிலிருந்து பிழைத்து வந்த பிறகும் ஒரு கறுப்பினத்தவரைக் காரில் ஏற்றியதற்காக மருமகளிடம் சண்டை பிடிக்கிறார். பிழைத்தவரைப் புனிதராக்காத இந்தப் பிடிவாதத்துக்காகவே 1992-ன் சிறப்பு புலிட்சர் தகும். 2022-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளிக் கல்விக் குழு இதைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கியது. சொன்ன காரணம் கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும். இதை விமர்சனத்துக்குரிய கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கட்டம் சிறையாகும்போது

ஜோ சாக்கோ 1991 கடைசியிலும் 1992 தொடக்கத்திலும் மேற்குக்கரையிலும் காசாவிலும் சுற்றிவிட்டு வந்து வரைந்தது ‘பாலஸ்தீனம்’. ஒன்பது இதழ்களாக வந்து பிறகு ஒரே நூலானது. 2001 பதிப்புக்கு எட்வர்ட் சையத் முன்னுரை எழுதினார். காசா தினமும் செய்தியில் அடிபடுகிற நாட்களில் இதைப் ‘பொருத்தம் கருதி’ சிபாரிசு செய்வது எளிது. நான் சிபாரிசு செய்வது ஒரேயொரு அத்தியாயத்துக்காக.

கசான் என்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சந்தேகத்தின் பேரில் அடைத்து விசாரிக்கிறார்கள். தலையில் சாக்கு, கைகள் கட்டிய நிலை, தூக்கமில்லை. அத்தியாயம் தொடங்கும்போது பக்கத்துக்கு ஒருசில கட்டங்கள்தான். விசாரணை நீள நீளக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ஒரு கட்டத்தில் தபால்தலை அளவுச் சதுரங்கள் பக்கம் முழுக்க வரிசை கட்டி நிற்கின்றன. இடையில் இருக்கும் கருப்பு இடைவெளி கம்பியாகத் தெரிகிறது. அவர் வெளியே வந்ததும் பக்கம் திறந்துகொள்கிறது. இதை வார்த்தையில் ‘நெருக்கம்’ என்று எழுதிவிடலாம், சினிமாவில் குளோஸ்-அப் வைக்கலாம். பக்கத்தையே அறையாக்கி வாசகனை உள்ளே தள்ளிப் பூட்டுவது படக்கதையால் மட்டும் ஆகிற காரியம்.

சாக்கோவின் இன்னொரு குணமும் பிடிக்கும். தன்னை அவர் அசிங்கமாக வரைகிறார்: தடித்த உதடு, கண் தெரியாத கண்ணாடி, அடுத்தவன் துயரத்தைக் கேட்டதும் ‘நல்ல கதை கிடைத்தது’ என்று உள்ளுக்குள் குஷியாகும் நிருபர். பின்னாளில் அவர் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகருக்கு வந்து தலித் கிராமங்களின் பட்டினியையும் வரைந்தார். எலிப்பொந்திலிருந்து தானியம் எடுக்கும் மனிதர்களைப் பற்றிய அந்தச் சிறு ஆக்கத்தை நம் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை.

அணுகுண்டு பற்றிய கெய்ஜி நாகசாவாவின் ‘வெறுங்கால் ஜென்’ (1973-ல் தொடங்கியது) சாக்கோவின் பாணிக்கு நேர் எதிர். நுணுக்கமே கிடையாது. எல்லோரும் கத்துகிறார்கள், குதிக்கிறார்கள், அப்பா பிள்ளைகளை அடித்துத் துவைக்கிறார். ஜப்பானியச் சிறுவர் இதழ்களின் வழக்கமான உடல்மொழி. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நாகசாவாவுக்கு ஆறு வயது. அப்பாவும் அக்காவும் தம்பியும் அதே நாளில் போனார்கள். 1966-ல் அம்மாவைத் தகனம் செய்தபோது சாம்பலில் எலும்புகூட மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில்தான் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். அந்தக் கூச்சலும் குதியாட்டமும் எதற்கு என்று முதல் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் புரியும். அதே ரப்பர் முகங்கள் உருகி வழியும்போது, நயமான ஓவியம் தராத அதிர்ச்சியை இந்த முரட்டு ஓவியம் தருகிறது.

மூன்று பிரபலங்கள், ஒரு பரிசோதனை

மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ தமிழிலும் வந்திருக்கிறது. முதல் பாதிக்கு என் முழு ஆதரவு. கழுத்தில் ‘சொர்க்கத்தின் சாவி’யைத் தொங்கவிட்டபடி கண்ணிவெடியில் சிதறும் ஏழைச் சிறுவர்களின் நிழலுருவங்கள் மேலே, அதே பக்கத்தில் கீழே, விருந்தில் துள்ளியாடும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். இரண்டு கூட்டத்தின் கைகால்களும் காற்றில் ஒரேபோல் விரிந்திருக்கின்றன. ஒரு வார்த்தை வர்ணனை தேவைப்படவில்லை. ஆஸ்திரியாவுக்குப் போன பிறகு வரும் பகுதிகளில் இந்தக் கருப்பு-வெள்ளைச் சிக்கனம் வெறும் பழக்கமாகிவிடுகிறது. குழந்தையின் பார்வைக்குப் பொருந்திய கோடு, காதல் தோல்விக்கும் தனிமைக்கும் தட்டையாக நிற்கிறது.

ஆலிசன் பெக்டெலின் ‘ஃபன் ஹோம்’ (2006), சவ அடக்க நிலையம் நடத்திய அப்பாவின் ரகசிய வாழ்க்கையை மகள் துருவுவது. விமர்சகர்களின் செல்லப்பிள்ளை. இதற்கு என் பரிசோதனை எளியது. படங்களை எடுத்துவிட்டு உரைநடையை மட்டும் படியுங்கள்: நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. உரைநடையை எடுத்துவிட்டுப் படங்களை மட்டும் பாருங்கள்: தடுமாறுகிறது. நடுவில் ஒரு புகைப்படத்தை விரல்கள் பிடித்திருக்கும் அந்த இரட்டைப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. அருமையான தன்வரலாறு, படக்கதையாக நடுத்தரம்.

‘வாட்ச்மென்’ (ஆலன் மூர் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம், 1986-87) இந்தப் பரிசோதனையில் தப்பும். பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்ற ஒழுங்கு, அதை மீறும் ஒவ்வொரு தருணத்துக்கும் காரணம். ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் பக்கம் கடைசிப் பக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பம், இரண்டாவது கடைசிக்கு முந்தியதற்கு, இப்படியே நடுப்பக்கம்வரை. முதல் வாசிப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்ததும் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டாமல் இருக்க முடியாது. 2009-ல் சினிமாவாக எடுத்தவர்கள் பல கட்டங்களை அச்சு அசலாகத் திரையில் வைத்தார்கள். பயனில்லை, தியேட்டரில் பக்கத்தைத் திருப்ப முடியாதே. ஒரு குறை சொல்ல வேண்டுமானால், எல்லாம் கடிகாரம்போல் பொருந்துகிற இந்தப் புத்தகத்தில் ஒரு கதாபாத்திரத்தின் மேலும் எனக்குப் பிரியம் வரவில்லை.

ரிச்சர்ட் மெக்குவைரின் ‘ஹியர்’ பிரியத்தையும் கொடுத்தது. ஒரு வீட்டின் ஒரே மூலை. 1989-ல் ஆறு பக்கம், 2014-ல் முழுப் புத்தகம். ஒவ்வொரு இரட்டைப் பக்கமும் அதே மூலைதான், ஆண்டு மட்டும் மாறுகிறது. ஒரு பக்கத்துக்குள்ளேயே சின்ன ஜன்னல்களாக வேறு ஆண்டுகள் திறக்கின்றன: யாரோ எப்போதோ தவறவிட்ட பாத்திரம், அதே இடத்தில் நூறாண்டுக்கு முன் ஒரு மரம், அதற்கு முன் சதுப்பு. நாயகன் இல்லை, சம்பவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. படித்து முடித்ததும் நாம் உட்கார்ந்திருக்கிற அறையைச் சந்தேகத்தோடு பார்க்கிறோம். 2024-ல் ராபர்ட் ஜெமெக்கிஸ் இதையும் படமாக்கினார். வீட்டை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார், அழுகாச்சி மிஞ்சியது.

வெள்ளைத் தேவர், கறுப்பு அரக்கர்

நம் நாட்டுக்கு வருவோம். அனந்த் பை 1967-ல் தொடங்கிவைத்த ‘அமர் சித்திரக் கதை’ பல தலைமுறைகளுக்குப் புராணம் கற்றுக்கொடுத்தது. கூடவே நிறத்தையும் கற்றுக்கொடுத்தது: தேவரும் அரசரும் வெளுப்பு அல்லது நீலம், அரக்கரும் வேடரும் கறுப்பு. காலண்டர் ஓவியத்தின் பளபளப்பு, ஒவ்வொரு படத்துக்கும் மேலே அதையே திருப்பிச் சொல்லும் ஒரு வாக்கியம். படம் சொல்வதை வாசகன் நம்பமாட்டான் என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அந்தப் பயம் இன்றைய இந்திய கிராபிக் நாவல்களையும் விட்டபாடில்லை.

ஓரிஜித் சென்னின் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ (1994) புத்தகத்தில் அந்தப் பயம் குறைவு. நர்மதை அணையை எதிர்த்த போராட்டம். பழங்குடிப் பாடகன் சொல்லும் படைப்புக் கதைக்கு ஒரு கோடு, நகரத்துப் பத்திரிகையாளனின் கதைக்கு வேறொரு கோடு. இரண்டும் ஒரே ஆற்றங்கரையில் சந்திக்கின்றன. நெடுநாள் கிடைக்காமலிருந்த இந்தப் புத்தகத்தை 2022-ல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது நம் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம்.

‘பீமாயணம்’ பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அம்பேத்கரின் வாழ்வில் தண்ணீர், தங்குமிடம், பயணம் ஆகிய மூன்றிலும் தீண்டாமை எப்படிக் குறுக்கிட்டது என்பதை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி கோண்டு ஓவியமாக வரைந்து, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதி, நவயானா 2011-ல் வெளியிட்டது. ஓவியர்கள் முதலில் செய்த காரியம் கட்டத்தை மறுத்தது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்றார்கள். வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா கோலத்தை வளையவிட்டுப் பக்கத்தைப் பிரித்தார்கள். ஒதுக்கப்பட்ட ஒருவரின் கதைக்கு மூலையும் சுவரும் இல்லாத பக்கம்! ரயில் பாம்பாக வளைந்து வருகிறது. பேச்சு பலூன்கள்கூடச் சும்மா இல்லை: கனிவான பேச்சுக்குப் பறவை வடிவம், கொட்டுகிற பேச்சுக்குத் தேளின் கொடுக்கு. யார் பேசுவது விஷம் என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்த ஓவியத்தின் மேல் எழுத்து ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் என் ஆதங்கம். பஸ் ஸ்டாப்பில் இட ஒதுக்கீட்டைத் திட்டும் இளைஞனுக்கு ஒரு பெண் வகுப்பெடுப்பதாக ஒரு சட்டகம். நடுநடுவே செய்தித்தாள் துணுக்குகள். சொல்வதெல்லாம் சரி, தேவையும்கூட. ஆனால் தேள்கொடுக்கு ஒரு நொடியில் சொன்னதைச் சட்டகம் மூன்று பலூனில் விளக்குகிறது. இந்தியாவில் இதுவரை வந்த படக்கதைகளிலேயே மிகப் புதுமையான பக்கங்கள் இதில்தான் இருக்கின்றன; அவற்றை நம்பாத எழுத்தும் இதில்தான் இருக்கிறது.

மாலிக் சஜாதின் ‘முன்னு’ (2015) காஷ்மீரிகளை அழியும் தறுவாயிலுள்ள ஹாங்குல் மான்களாக வரைகிறது. உருவகம் ‘மாவ்ஸ்’ கொடுத்த கடன் என்பது வெளிப்படை. மரச்செதுக்குபோல் இறுகிய கோடுகள் சொந்தச் சொத்து.

வன்னி

பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொல்லக் வரைந்த ‘வன்னி’ (2019) தமிழ் வாசகனால் சாதாரணமாகப் படிக்க முடியாத புத்தகம். டிக்ஸ் கிளிநொச்சியில் ஐ.நா. பணியிலிருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களை வெளியேறச் சொன்னபோது வெளியேறியவர், விட்டுவந்தவர்களின் நினைவால் விடாமல் துரத்தப்பட்டவர். புலம்பெயர்ந்த தமிழர்களிடம் கேட்டறிந்த வாக்குமூலங்களைச் சேர்த்துப் புனைந்த ஒரு கடலோரக் கிராமத்துக் குடும்பம். சுனாமி, இடப்பெயர்வு, பதுங்குகுழி, முள்ளிவாய்க்கால், முகாம். இராணுவத்தின் ஷெல்லும் வருகிறது, புலிகள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோவதும் வருகிறது.

பாடுபொருளுக்கு மார்க் இல்லை என்று சொன்ன விதியை இங்கே கடைப்பிடிப்பது கஷ்டம். ஆனாலும் முயல்கிறேன். நிலம் சுருங்குவதை பொல்லக் நன்றாகக் காட்டுகிறார்: தொடக்கத்தில் கடலும் வானமும் நிறைந்த பக்கங்கள், போகப்போகச் சனநெருக்கடி, தறப்பாள், மண். பலவீனம் பேச்சில். இரண்டு ஈழத்து ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒருவருக்கொருவர் தெரிந்த அரசியலை வெளிநாட்டு வாசகனுக்காக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்து எழுதியிருந்தால் அது நேர்ந்திருக்காது. நம் போரைப் பற்றிய முழுநீள கிராபிக் நாவலை பிரிட்டன்காரர்கள் இருவர் ஆங்கிலத்தில் செய்ய வேண்டியிருந்ததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நம் வீட்டுக் கணக்கு

இப்படியொரு கிராபிக் நாவல் தமிழில் ஏன் இல்லை? வாசகர் இல்லை என்று சொல்ல முடியாது. 1984-ல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ் இன்றும் வருகிறது. இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லரும் பிரெஞ்சிலிருந்து லக்கி லூக்கும் தமிழ் பேசி நாளாயிற்று. (டெக்ஸ் பற்றி ஒரு வரி: எந்தக் கதையிலும் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை, ஆகவே எனக்கு அவர்மேல் ஆர்வமும் வருவதில்லை. ரசிகர்கள் மன்னிக்க.) ‘கேப்டன் டைகர்’ என்று நாம் அழைக்கும் புளூபெரி வேறு ரகம். ஷார்லியேயின் கதையைவிட ஓவியர் ழான் ஜிரோ வரைந்த தூசிக்காகவே ‘தங்கக் கல்லறை’யை மறுபடி மறுபடி எடுக்கலாம். உடைந்த மூக்கும் சவரம் செய்யாத மோவாயுமாக ஒரு நாயகன், பாதிக் கட்டங்களில் பாறைகளுக்கு நடுவே எறும்பளவு. எவ்வளவு வெயில் அது!

1960-லிருந்து தினத்தந்தியில் ஓடும் ‘கன்னித்தீவு’ இருக்கிறது. சிந்துபாத், சுண்டுவிரல் அளவாகிப்போன லைலா, மந்திரவாதி மூசா. அதன் ஒரே கலை, நாளைக்கு என்ன என்பது. ஓவியம் அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை, முடிவும் கேட்கப்படவில்லை.

ஓவியர் பஞ்சமும் கிடையாது. கோபுலு விகடனில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் வரைந்த நகைச்சுவைப் படங்களைப் பாருங்கள். முதல் கட்டம், அடுத்த கட்டம், நடுவில் நடந்தது நம் மண்டையில். மேலே சொன்ன எல்லாப் பெரிய புத்தகங்களும் நம்பியிருக்கிற வித்தை இதுதான். ஆனால் அதே கோபுலுவிடம் பத்திரிகை அதிகம் கேட்டது தொடர்கதைக்குப் படம். ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றதும் கொத்தமங்கலம் சுப்புவின் வாக்கியம் எத்தனை பேருக்கு நினைவு வருகிறது, கோபுலுவின் சிக்கல் சண்முகசுந்தரமும் மோகனாவும் எத்தனை பேருக்கு நினைவு வருகிறார்கள்? இருந்தும் படத்துக்கு வாரத்துக்கு ஓரிரு மூலைதான். எழுத்தாளர் முதலாளி, ஓவியர் கூலி என்ற ஏற்பாடு நம் வார இதழ்களில் அப்படியே தொடர்ந்தது. வாண்டுமாமா மாதிரிச் சிலர் சிறுவர் இதழ்களில் ஓவியரை முன்னால் விட்டார்கள். பெரியவர்களின் இதழ்களுக்கு அது வந்து சேரவில்லை. இருநூறு பக்கம் வரைய ஒருவர் இரண்டு மூன்று வருடம் வேறு வேலை பார்க்காமல் உட்கார வேண்டும். அந்த வருடங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழ்ப் பதிப்புலகத்தில் இன்னும் பதில் இல்லை. மொழிபெயர்ப்பு உரிமை வாங்குவது அதைவிட மலிவு.

கடைசியாக, எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு. ஒரே புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் ‘பாலஸ்தீனம்’. வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் ‘பீமாயணம்’. எழுத்தை முதல் தடவை படிக்க வேண்டாம், படத்தை மட்டும் புரட்டச் சொல்லுங்கள். ‘வாட்ச்மென்’ யாரிடமாவது இரவல் கிடைக்கும். ‘இரும்புக்கை மாயாவி’யின் பழைய முத்து இதழ் வைத்திருப்பவர்கள் இரவல் தரமாட்டார்கள், கேட்டு நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மறுபதிப்பு இருக்கிறது.